நாலு பேர் கேட்காத கேள்வி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பையன் படிப்பை விட்ட கதையை யார் சொன்னாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "அவனுக்குப் படிப்பு ஏறல." இந்த வரியில் யார் மீதும் குற்றம் இல்லை, கவனித்துப் பாருங்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரா, பையன் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனானா, புரட்டாசி முழுக்க ஏலத்தோட்டத்தில் நின்றுவிட்டு அரையாண்டுப் பரீட்சைக்குத்தான் தலைகாட்டினானா என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. படிப்பு என்று ஏதோ ஒன்று தானாக வந்து ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அதனால் பையன் தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டான். கேட்டவரும், "சரி விடு, சும்மா ஊரைச் சுத்துறதுக்கு நாலு காசாவது வரும்" என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

குழந்தை உழைப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வறுமையில் தொடங்கி வறுமையிலேயே முடியும். வறுமை பொய்யில்லை. வட்டிக்குக் கடன் வாங்கிய வீட்டில் பிள்ளையின் கூலியும் கணக்கில் வந்துதான் தீரும். ஆனால் ஒரே தெருவில், ஒரே கங்காணியிடம், ஒரே கூலிக்குப் போகிற இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளியிலும் இன்னொரு வீட்டுப் பிள்ளை தோட்டத்திலும் இருப்பதற்கு வறுமை எப்படிக் காரணம் சொல்லும்? அங்கேதான் ‘நாலு பேர்’ வருகிறார்கள். அறிஞர்கள் சமூக நெறி என்று சொல்வதற்கு நம்மிடம் முன்பே இருக்கிற பெயர் அதுதான். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதைப் போலவே, நாலு பேர் எதைக் கேட்காமல் விடுவார்கள் என்பதும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுகிறது.

தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்தின் இடுக்கிக்கு ஏற மூன்று வழிகள்: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பும். மேலே வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்திருக்கும். குனிந்துதான் எடுக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கும் எடுப்பு தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக நடக்கும். பள்ளியின் காலாண்டு விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும் சொல்லிவைத்ததுபோல இதற்குள்ளேயே வருகின்றன.

நானும் போயிருக்கிறேன். ஏழாவது படிக்கும்போது காலாண்டு லீவில் ஆறு நாள். கிடைத்த காசில் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். பள்ளி திறந்ததும் வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "பொறுப்பான பிள்ளைன்னா இவன்தான்" என்று வகுப்பு முன்னால் பாராட்டினார். என்னோடு வந்த ஒருவன் லீவு முடிந்தும் திரும்பவில்லை. அவனைப் பற்றி அன்றைக்கு வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அந்த ஆறு நாளை நாற்பது வயது வரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கிய பாராட்டும் கேட்காமல் விட்ட கேள்வியும் ஒரே காசின் இரண்டு பக்கம் என்பது ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

இனி கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்யும் பிள்ளைகள் என்று பதிவானவர்கள் கேரளத்தில் 26,156 பேர், தமிழ்நாட்டில் 4,18,801 பேர், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 13,63,339 பேர். தமிழகத்தின் மக்கள்தொகை கேரளத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேலை செய்த பிள்ளைகளோ பதினாறு மடங்கு. ஆந்திரத்தில் மக்கள் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு, பிள்ளைகள் ஐம்பது மடங்குக்கு மேல். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள் எல்லா மாநிலத்திலும் இருந்திருப்பார்கள். அதைத் தள்ளினாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தை வருமான வித்தியாசத்தால் நிரப்ப முடியாது. கேரளம் அப்போது பணக்கார மாநிலமுமில்லை.

மைரன் வீனர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இந்தக் கேள்வியை 1991இலேயே எழுப்பினார். இந்தியாவைவிட ஏழையான நாடுகள்கூட கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்திருக்கும்போது இந்தியா ஏன் செய்யவில்லை என்று கேட்டு, அதிகாரிகள், ஆசிரியர்கள், முதலாளிகள் என எல்லோரிடமும் பேசிப்பார்த்தார். அவர் கண்ட விடை நம் காதுக்கு இனிக்காது. சில பிள்ளைகள் தலையால் உழைக்கப் பிறந்தவர்கள், சில பிள்ளைகள் கையால் உழைக்கப் பிறந்தவர்கள் என்ற சாதி ஊறிய நம்பிக்கை படித்த நடுத்தர வர்க்கத்திடமே இருக்கிறது, அதனால் கூலிக்காரர் பிள்ளை கூலிக்குப் போவது அவர்கள் கண்ணில் உறுத்தவில்லை என்றார். எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ‘படிப்பு ஏறல’ என்ற சொல் எந்தெந்தத் தெருவில் அதிகம் புழங்குகிறது என்று எங்கள் ஊரில் எண்ணிப் பார்த்தால் அவரை எளிதில் மறுக்கவும் முடியவில்லை.

கேரளத்தில் இந்த நம்பிக்கை உடைந்தது தானாக நடந்த மாற்றமில்லை. கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணையிட்டார். மிஷனரிகள் பள்ளி கட்டினார்கள். ஆனாலும் புலையர், பறையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று விவசாயக் கூலிகளைத் திரட்டி வேலைநிறுத்தமே நடத்தினார். கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்காகக் கூலியை இழந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ‘படிப்பு ஏறல’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இது மலையாள மொழிக்கோ மண்ணுக்கோ உள்ள தனிக்குணம் என்று நினைப்பவர்கள் கன்னியாகுமரியைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதி அது. அதே திருவிதாங்கூர் ஆணைகள், அதே மிஷனரிப் பள்ளிகள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிவில் முதலிடம் அந்த மாவட்டத்துக்குத்தான். எல்லைக்கோட்டை மாற்றினாலும் தெருவில் என்ன கேட்பார்கள் என்பது மாறவில்லை.

இந்த ‘கேட்பது’ எப்படி வேலை செய்கிறது? பொருளியலாளர்கள் இதைச் சூத்திரமாகவே எழுதியிருக்கிறார்கள். கௌஷிக் பாசுவும் ஃபாம் ஹோங் வானும் 1998இல் ஒரு வாதத்தை வைத்தார்கள். வீட்டில் பெரியவர்களின் வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள், ஆசைப்பட்டு அனுப்புவதில்லை. ஆனால் எல்லா வீடும் பிள்ளையை அனுப்பும்போது வேலைக்கு ஆள் கூடி, பெரியவர்களின் கூலியே இறங்கிவிடுகிறது. இறங்கிய கூலி மறுபடியும் பிள்ளையை அனுப்பவைக்கிறது. அதே ஊரில் எல்லாரும் ஒன்றாக நிறுத்திவிட்டால் கூலி ஏறி, பிள்ளையை அனுப்பும் தேவையே இல்லாமல் போகலாம். ஒரே ஊருக்கு இரண்டு நிலை சாத்தியம். எதில் போய் நிற்கிறது என்பது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பின்னால் வந்தவர்கள் இதில் கூச்சத்தையும் சேர்த்தார்கள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போனால், பத்தாவது வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் நாலு பேர் கேட்பார்கள்: "என்னண்ணே, பையனை நிப்பாட்டிட்டீங்களாமே?" அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் கடனைக் கூட்டிப் பிள்ளையைப் படிக்கவைப்பார்கள். ஒன்பது வீட்டுப் பிள்ளை தோட்டத்துக்குப் போகிற தெருவில் இதே கேள்வி தலைகீழாகும்: "என்னப்பா, கலெக்டர் ஆக்கப்போறியா?" அனுப்புகிறவர் கூடக்கூட அனுப்புவதன் வெட்கம் குறைகிறது, அனுப்பாதவர்தான் விசித்திரமாகத் தெரிகிறார்.

இதில் ஒரு வேடிக்கை. தனியாகக் கேட்டால் எல்லாப் பெற்றோரும் படிப்பு வேண்டும் என்றுதான் சொல்வார்கள். வடமாநிலக் கிராமங்களில் நடந்து 1999இல் வெளியான, பள்ளிக் கல்வி பற்றிய புரோப் ஆய்வில், பையன் படிப்பது முக்கியம் என்றவர்கள் 98 சதவீதம், பெண் படிப்பது முக்கியம் என்றவர்கள் 89 சதவீதம். அதாவது ‘படிக்காத ஜனங்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது’ என்பது மேடைப் பேச்சாளர்களின் கற்பனை. அருமை தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அது தெரியும் என்பதுதான் தெரிவதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்கள் இதைத் தப்பாக நினைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, யாருமே மனதார விரும்பாத ஒரு வழக்கத்தை எல்லோருமாகத் தூக்கிச் சுமக்கிறார்கள்.

அடுத்தது பெயர் வைக்கிற வித்தை. தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்திருந்தால் குழந்தைத் தொழிலாளி. அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் பள்ளி நேரத்தில் கூடை தூக்கினால் ‘கூடமாட ஒத்தாசை’. பெரியப்பாவின் ஓட்டலில் மேசை துடைத்தால் ‘தொழில் பழகுறான்’. தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தால் அதற்குப் பெயரே கிடையாது. சிவகாசி என்றால் முகம் சுளிக்கிற நமக்கு இவை உழைப்பாகவே படுவதில்லை. உலக அளவிலும் குழந்தை உழைப்பின் பெரும்பகுதி இந்தப் பெயர்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து 2024க்குத் தந்த மதிப்பீட்டில் 13.8 கோடிப் பிள்ளைகள், அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில். மொத்தத்தில் 61 சதவீதம் விவசாயம். 2020 மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 72 பேர் வேலை செய்தது சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே.

நம் சட்டமும் இந்த வித்தைக்கு ஒரு இடம் கொடுத்திருக்கிறது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று வந்தது. நல்லது. கூடவே, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு உதவலாம் என்ற விலக்கும் வந்தது. பெற்றோரோடு வயலுக்குப் போகிற எல்லாப் பிள்ளையையும் போலீஸ் பிடிக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் ஊரில் ஏற்கெனவே ‘ஒத்தாசை’ என்று பெயர் வைத்திருப்பதற்கு அரசும் ஒரு முத்திரை குத்திக்கொடுத்தது போலாயிற்று. பாகிஸ்தானிலும் கானாவிலும் செய்த ஆய்வொன்றில் நிலம் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வேலை செய்தது தெரியவந்தது. சொந்த நிலம் இருந்தால் பிள்ளைக்கு வேலை தயாராக இருக்கிறது, கேட்க யாரும் இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாலு பேர் இன்னும் நெருக்கமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வயசுக்கு வந்ததும் தூரத்துப் பள்ளிக்கு பஸ் ஏற விடமாட்டார்கள், அதே பிள்ளை அம்மாவோடு ஜீப்பில் மலையேறலாம். பஸ்ஸில் போவது மானப் பிரச்சினை, ஜீப்பில் போவது குடும்பக் கஷ்டம். இரண்டாவதை நாலு பேர் மன்னித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து நூற்பாலைகளுக்குப் போன பெண்பிள்ளைகளின் கதையும் இதுவே. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றுதான் அழைத்துப்போனார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் ‘சுமங்கலி’. சட்டத்தால் தடுக்கப்பட்ட வரதட்சிணையே பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைப்பதற்கான விளம்பர வாசகமாக ஆனது. வாங்கிய பெற்றோரும் கொடூரர்கள் இல்லை. சீர் செய்யாமல் பெண்ணை அனுப்பினால் என்ன பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரசே இந்த நெறியைப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பத்தில் படிப்பை முன்னே தள்ளியது. 1989இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், இத்தனையாவது வகுப்பு வரை படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணம் என்றது. கல்யாணத்தை வைத்துப் படிப்பை ஆசைகாட்டிய தந்திரம். 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்றானது. முப்பத்துமூன்று வருடத்தில் பணம் தாலியிலிருந்து கல்லூரிக்கு நகர்ந்திருக்கிறது. நாலு பேரும் கொஞ்சம் நகர்ந்ததால்தான் அரசுக்கு அந்தத் துணிவு வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் வீட்டு வேலை இன்னும் கணக்குக்கு வெளியேதான். வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டால், குழந்தை உழைப்பில் ஆண்பிள்ளைகளே அதிகம் என்கிற உலகக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

பையன்களுக்கு வேறு கதை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து மகாராஷ்டிரம், ஆந்திரம் என்று முறுக்குக் கம்பெனிகளுக்குப் பையன்களை முன்பணம் கொடுத்து அழைத்துப்போன காலம் ஒன்று உண்டு. போனவர்களில் சிலர் தப்பி வந்தார்கள், சிலர் அங்கேயே சிறு முதலாளியாகி அடுத்த தலைமுறைப் பையன்களை அழைத்துப்போக வந்தார்கள். பிரேசிலில் எமர்சனும் சோசாவும் செய்த ஆய்வு சொல்வதும் இதுதான்: சிறுவயதில் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் உழைக்கப் போகும் வாய்ப்பு அதிகம். ‘நான் பத்து வயசுல மம்பட்டி புடிச்சவன்’ என்று சொல்கிற அப்பாவுக்குத் தன் வாழ்க்கையைத் தானே தப்பு என்று சொல்ல மனம் வராது. என் ஜியாமெட்ரி பாக்ஸ் கதையும் இதற்குள் அடங்கும்.

வெளிநாடுகளிலும் சட்டமும் வழக்கமும் மோதுகிற இடங்கள் வினோதமானவை. பொலிவியாவில் மலைவாழ் மக்களுக்குப் பிள்ளை வேலை செய்வது வளர்ப்பின் ஒரு பகுதி. உழைக்கும் சிறுவர்களே சங்கம் வைத்து வேலை செய்யும் உரிமை கேட்டார்கள், 2014இல் அரசு பத்து வயதுக்கே சில நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. 2018இல் மறுபடி 14க்குத் திரும்பினார்கள். வங்கதேசத்தில் எதிர்த்திசை: குழந்தைகள் தைத்த துணிக்கு அமெரிக்காவில் தடை வரும் என்ற பயத்தில் 1993வாக்கில் ஆயத்த ஆடை ஆலைகள் பிள்ளைகளை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை, செங்கல் உடைக்கப் போனார்கள். அங்கே தெருவில் நாலு பேரின் கேள்வியை மாற்றாமல் ஆலையின் வாசலை மட்டும் மூடினார்கள்.

கேள்வியை மாற்றிய ஊர்களும் உண்டு. ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் (இப்போது தெலங்கானா) சாந்தா சின்ஹாவும் எம்.வி. ஃபவுண்டேஷன் என்ற அவருடைய தொண்டு நிறுவனமும் 1990களில் பிடித்த வழி அது. பள்ளிக்கு வெளியே இருக்கிற எந்தப் பிள்ளையும், ஆடு மேய்த்தாலும் வீட்டில் இருந்தாலும், குழந்தைத் தொழிலாளிதான் என்று ஒரே போடாகப் போட்டார்கள். ‘ஒத்தாசை’, ‘தொழில் பழகுதல்’ எல்லாம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயின. ஏழை என்ற சமாதானத்தையும் ஏற்கவில்லை. பிள்ளையை விடுவித்த பண்ணைக்காரரைத் திட்டுவதற்குப் பதில் ஊர் கூட்டி மாலை போட்டார்கள். நேற்றுவரை பத்துப் பையன்களை வைத்திருந்தது கௌரவம், இன்றைக்கு அவர்களை அனுப்பிவிட்டேன் என்பது கௌரவம். பள்ளியை விட்ட பிள்ளைகள் நேராக வயதுக்கேற்ற வகுப்பில் போய் உட்கார முகாம்கள் நடத்தினார்கள். ‘படிப்பு ஏறல’ என்பதற்கு அதுதான் நேரடி விடை. சாந்தா சின்ஹாவுக்கு 2003இல் மகசேசே விருது கிடைத்தது. இதே ஆந்திரத்தில்தான் கர்னூல் பக்கம் வீரியப் பருத்தி விதைக்காகச் சிறுமிகள் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினார்கள். செடி உயரத்துக்குப் பிள்ளை உயரம் சரி, பிஞ்சு விரல் பூவை நசுக்காது என்றார்கள். கம்பள நெசவிலும் இந்தப் பிஞ்சு விரல் கதை ஓடியது. ஆராய்ந்தபோது நுணுக்கமான கம்பளத்தைப் பெரியவர்களும் நெய்வது தெரிந்தது. வித்தியாசம் கூலியில்தான் இருந்தது.

கேரளத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் ஓட்டையைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. தன் பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வெட்கப்பட்ட அதே சமூகத்தில், மலைக்கு இந்தப்பக்கமிருந்து போன தமிழ்ச் சிறுமிகள் நடுத்தர வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், குழந்தை தூக்கினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பதற்கு 2006 அக்டோபர் 10 முதல் தடை வந்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. நெறிக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்குள் இருப்பது ‘நம்ம பிள்ளை’. வெளியே இருப்பதைப் பார்த்தால் கூச்சம் வருவதில்லை.

இப்போது ஏலத்தோட்டங்களுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நூறு நாள் வேலை, காலை உணவு, காலேஜ் பஸ் எல்லாமாகச் சேர்ந்து தெருவின் கேள்வி மாறிவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. பெற்றோர் எடுப்புக்குப் போகும்போது பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். தோட்டத்துக்குக் கீழே பள்ளி இருக்கிறது, மலையாளத்திலோ தமிழிலோ நடக்கிறது. பிள்ளைகள் பேசுவது சந்தாலியும் இந்தியும்.

போன எடுப்பில் கம்பம்மெட்டு டீக்கடையில் எங்கள் ஊர் ஜீப் டிரைவர் ஒருவரிடம், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லையா என்று கேட்டேன். நல்ல மனிதர், இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்கவைக்கிறார். கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அதுங்களுக்கு எங்கண்ணே படிப்பு ஏறப்போகுது."